மலைநாட்டுப் பள்ளிவாசல்கள் – 4: வாசலுக்கு ஒரு பணம்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியை நெருங்கும்போது மடுல்கெல்லக் கடைத்தெருவின் சத்தம் கொஞ்சம் அடங்கும். முஸ்லிம் கடைகளில் பலகைக் கதவுகள் பாதி சாத்தப்படும். கல்லாவில் இருந்தவர் கைகால் கழுவி, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மலையிலிருந்து சாமான் வாங்க இறங்கி வந்த தோட்டத்துப் பெண்கள், "நானா பள்ளிக்குப் போயிட்டாரா?" என்று பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு, பையைக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு மணி நேரம் யாரும் அவசரப்படுவதில்லை. நக்கிள்ஸ் மலையடிவாரத்துத் தேயிலை ஊர்களில் இது பல தலைமுறை கண்ட பழக்கம்.

மலைச்சரிவில் முளைத்த இந்தக் கடைத்தெருவுக்கு நானாவும் அவருடைய தொழுகையும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று தேடிப் போனால், வழி பன்வில, வத்தேகம, மடவளை என்று இறங்கி, மகாவலியைக் கடந்து, கண்டி நகரத்தில் கொண்டுபோய் விடும். கடலோரத்தில் பழைய பள்ளிவாசலைக் கண்டுபிடிப்பது எளிது. பேருவளையில் கச்சிமலைப் பள்ளி பாறை முனையில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. கப்பலில் வருகிறவனுக்கே தெரியும். கண்டியில் அப்படி இல்லை. நகரத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது ஏரி, பிறகு தலதா மாளிகை, அதற்கு மேலே காடு. பள்ளிவாசல்கள் கடைகளுக்கு நடுவே, சந்துகளுக்கு உள்ளே, வீதிச் சரிவுகளில் இருக்கின்றன. மீரா மக்காம் பள்ளி, லைன் பள்ளி, ஹனஃபிப் பள்ளி, கட்டுக்கலை ஜும்ஆப் பள்ளி என்று பெயர் சொல்லி விசாரித்தால்தான் வழி கிடைக்கும். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய புனித நகரம் இது. தலதா மாளிகையைப் பார்க்க வரும் பெருங்கூட்டத்தில், சில நிமிட நடையில் இருக்கும் இந்தப் பள்ளிகளுக்குத் திரும்புகிறவர்கள் சிலர்தான்.

ஒரு சொல்லைக் கவனித்தால் போதும், உறவின் பழமை தெரிந்துவிடும். சிங்களத்தில் பள்ளிவாசலுக்கும் கிறிஸ்தவ தேவாலயத்துக்கும் பொதுவாக வழங்கும் பெயர் 'பல்லிய'. நம் 'பள்ளி'தான் அது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் தொழுத இடத்தின் பெயரையே, அந்த இடத்தோடு சேர்த்துச் சிங்களம் எடுத்துக்கொண்டது.

இனி, கண்டிப் பள்ளியைப் பற்றிய மிகப் பழைய சாட்சிக்கு வருவோம். அந்தச் சாட்சி ஒரு கைதி.

1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் ஓர் ஆங்கிலக் கப்பல் பாய்மரம் பழுதுபார்க்க ஒதுங்கியது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அதன் தலைவரையும் ஒரு கூட்டம் மாலுமிகளையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தலைவரின் மகன் ரொபட் நொக்ஸுக்கு அப்போது 19 வயது. விலங்கு பூட்டப்படவில்லை, சிறையிலும் அடைக்கப்படவில்லை. ஊர் ஊராகப் பிரித்து வைத்தார்கள். நாட்டை விட்டுப் போகத்தான் தடை. தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்தார், கம்பளைக்குப் பக்கத்தில் உடுநுவரவில் எலதத்த என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டுக் குடியானவரைப் போலவே வாழ்ந்து, தப்பிப்போய், 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டுக் கண்டியை உள்ளிருந்து பார்த்து எழுதிய புத்தகங்களில் அதற்கு இணை இன்றுவரை இல்லை.

அதில் முஸ்லிம்களைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. நொக்ஸ் சொல்வதன் சாரம் இது: கண்டி நகரத்தில் 'மூர்'களுக்கு ஒரு தொழுகை இடம் இருந்தது. முன்னொரு மன்னன் அதற்கு ஓர் உரிமை கொடுத்திருந்தான். நாட்டில் சொந்த நிலம் உள்ள ஒவ்வொரு குடியும் அந்தப் பள்ளிக்கு ஒரு பணம் தரவேண்டும். பள்ளியைச் சேர்ந்த பக்கீர்கள் வீடு வீடாகப் போய் அதை வாங்கினார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டால், கதவைத் திறந்து அந்த மதிப்புக்குப் பொருளை எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதில்லை. உங்கள் தருமத்தை நிறைவேற்றி வைக்க வந்திருக்கிறோம் என்று சொல்லியே கேட்பார்கள். சனங்களும் மனமுவந்து கொடுத்தார்கள்.

நொக்ஸ் அந்தக் காசை 'பொன்னம்' என்று எழுதுகிறார். நம் 'பணம்' என்ற சொல் ஓர் ஆங்கிலேயக் காதில் விழுந்து அப்படி ஆகியிருக்கிறது. சிறு காசுதான். ஆனால் கொடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். புத்தரை வணங்கிய சிங்களக் குடியானவர்கள். வாங்கியது, அல்லாஹ்வைத் தொழும் இடத்துக்காக. ஆணை இட்டவன், தந்ததாதுவைக் காப்பதே தன் அரசுரிமையின் அடையாளம் என்று எண்ணிய மரபில் வந்த ஒரு மன்னன். ஐரோப்பாவில் ஒரே வேதத்தைப் படித்தவர்கள் ஒருவரையொருவர் எரித்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுக்குள் இது நடந்தது. நொக்ஸும் இதை ஒரு விந்தையாகப் பெரிதுபடுத்தாமல், நாட்டு வழக்கங்களில் ஒன்றாகவே பதிந்துவிட்டுப் போகிறார். சாட்சியத்தின் எடையே அந்த நிதானத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் அந்தப் பள்ளியின் கட்டடம் எங்கே? பதினேழாம் நூற்றாண்டுக் கல் எங்கே, தூண் எங்கே? தேடி வருகிறவர் இங்கே ஏமாறத்தான் வேண்டும். ஏமாற்றத்துக்குக் காரணம் கண்டியின் சட்டமும் கண்டியின் போர்களும்.

சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும் கூரைக்கு ஓடு வேய்வதும் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியவை, குடிகளுக்கு அந்த அனுமதி இல்லை என்று இதே நொக்ஸ்தான் எழுதி வைத்திருக்கிறார். குடிகளின் வீடுகள் களிமண்ணும் கம்பும் வைக்கோலுமாக இருந்தன. பெரிய மனிதர்களே அப்படி வாழ்ந்த ஊரில், வணிகர்களும் பக்கீர்களும் கூடிய தொழுகை இடம் எந்தப் பொருளால் ஆகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அதற்கு மேல், நகரமே திரும்பத் திரும்ப எரிந்தது. போர்த்துக்கேயர் 1611இலும் 1629இலும் கொளுத்தினார்கள். 1765இல் ஒல்லாந்தர் புகுந்து சூறையாடினார்கள். 1803இல் பிரித்தானியப் படை வருவதற்கு முன் கண்டியரே தங்கள் நகரத்துக்குத் தீ வைத்துவிட்டு மலைக்கு ஒதுங்கினார்கள். பகைவனுக்கு ஒரு கூரையும் மிஞ்சக் கூடாது என்பது அவர்களுடைய போர்முறை. இவ்வளவுக்கும் பிறகு ஒரு மண்சுவர் நிற்காது. ஆகவே கண்டியில் இன்று காணும் பள்ளிக் கட்டடங்களின் சுவரை வைத்து அங்குள்ள முஸ்லிம்களின் வயதைக் கணக்கிட்டால், கணக்கு இருநூறு ஆண்டுக்கு உள்ளேயே நின்றுவிடும். உரிமையின் வயது சுவரின் வயதைவிட மிகப் பெரியது.

அந்த உரிமை எப்படி வந்தது? இரக்கத்தால் மட்டும் வரவில்லை. கண்டி ராச்சியத்துக்குக் கடல் இல்லை. கரையைப் போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் பிடித்துக்கொண்டார்கள். கடல் இல்லாத நாட்டுக்கு உப்பு யார் கொண்டுவருவது? கருவாடும் துணியும் யார் கொண்டுவருவது? பாக்கையும் மிளகையும் யார் கொண்டுபோய் விற்பது? பொதிமாடுகளை வரிசை கட்டி மலையேற்றியவர்கள் முஸ்லிம்கள். அந்த மாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர். அரசாங்கப் போக்குவரத்தை நடத்திய துறைக்கு 'மடிகே பத்த' என்று பெயர். அதில் முஸ்லிம் குடிகள் பெருவாரியாக இருந்தார்கள். நிலத்தை அரசன் கொடுத்தான்; அதற்கு ஈடாக அவர்கள் உப்பும் நெல்லும் சுமந்தார்கள். கடிவாளம் போட்டுக் குதிரையில் வந்த படையெடுப்பின் கதை இதில் எங்கும் இல்லை. மூக்கணாங்கயிறு போட்ட மாட்டின் பின்னால் நடந்து வந்த வரலாறு இது.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களைத் தன் நாட்டுக்குள் ஏற்றான். 4,000 பேரளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. மற்றவர்கள் மலைநாட்டு ஊர்களில் கலந்தார்கள். கண்டிக்கு வடக்கே அக்குறணையின் தோற்றத்தைப் பற்றி ஊரார் சொல்லும் கதையும் இரண்டாம் இராஜசிங்கன் காலத்தோடுதான் முடிச்சுப் போடுகிறது: மூன்று அரபியர் வந்தார்கள், மன்னனுக்கு உதவினார்கள், மலைநாட்டுப் பெண்களை மணந்து அங்கேயே இருந்துவிட்டார்கள் என்பது அந்தக் கதை. கதையை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு 'கெதர' என்று முடியும் சிங்கள வீட்டுப்பெயர் இன்றும் உண்டு. வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், பள்ளியில் அரபு என்று மூன்று மொழியும் ஒரே நாவில் புரள்வதைக் கேட்டவர்களுக்கு அந்தக் கதையின் உட்கரு புரியும்.

பொதி சுமந்தவர்கள் மட்டுமல்ல, நாடி பிடித்தவர்களும் இருந்தார்கள். அரண்மனை வைத்தியத் துறையான 'பேத்கே'யில் முஸ்லிம் வைத்தியர்கள் பணியாற்றினார்கள். கேகாலைப் பக்கத்துக் கெட்டபேரியவைச் சேர்ந்த கோபால முதலியார் என்ற வைத்தியர் குடும்பம் அவற்றுள் பெயர்பெற்றது. பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது, அவர் முஸ்லிம். 1760இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனைக் கொல்ல அரண்மனை வட்டாரத்தில் ஒரு சதி உருவானபோது, அதை மன்னன் காதில் போட்டவர்களுள் கோபால முதலியாரும் ஒருவர். மன்னனோ மதுரை நாயக்கர் வழியில் வந்து பௌத்தத்துக்குப் புத்துயிர் கொடுத்தவன். அவன் உயிரைக் காத்ததற்காக ஒரு முஸ்லிம் வைத்தியருக்கு நிலம் கிடைத்தது. வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய நூலில் இத்தகைய செய்திகளை அரசர்களின் நிலக்கொடை ஆவணங்களான சன்னசுகளிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் பொறுமையாகத் திரட்டித் தந்திருக்கிறார். இன்று கண்டி முஸ்லிம்களின் பழங்கதையை எழுதுகிற எவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

லைன் பள்ளியின் பெயர் வேறொரு பக்கத்தைத் திறக்கிறது. பிரித்தானியர் காலத்தில் 'லைன்' என்றால் படையினரும் பொலிசாரும் குடியிருந்த வரிசை வீடுகள். தோட்டத்து 'லயம்' என்பதும் அதே சொல்தான். கண்டியின் படை வரலாற்றில் முஸ்லிம்கள் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர்கள் மலாய்க்காரர்கள். ஒல்லாந்தர் சாவகத்திலிருந்து கொண்டுவந்த வீரர்களின் வழியினர் அவர்கள். கண்டி மன்னனிடமும் மலாய்ப் படை இருந்தது, பிரித்தானியரிடமும் இருந்தது. 1803 ஜூன் மாதம் கண்டியில் மேஜர் டேவியின் பிரித்தானியப் படை சூழப்பட்டபோது, இரு பக்கத்திலும் அண்ணன் தம்பியே நின்றார்கள். மன்னன் பக்கம் நின்ற சங்குங்லோ சண்டையில் மாண்டார். பிரித்தானியர் பக்கம் நின்ற கப்டன் நூர்தீனைப் பிடித்து, அண்ணனின் இடத்தில் மன்னனுக்குச் சேவை செய்யச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன் என்று மறுத்தார்; கொல்லப்பட்டார். டேவியின் படை அழிந்த இடம் மகாவலிக் கரையில் வட்டபுளுவ, வத்தேகமப் பக்கத்திலிருந்து கண்டிக்குள் வரும் வழியை ஒட்டியது.

மலாய் வீரர்கள் இருந்த பிரித்தானியரின் இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது. அவர்கள் பொலிசுக்கும் தோட்ட வேலைக்கும் பிரிந்து போனார்கள். வரிசை வீடுகளும் படையும் மறைந்த பின்னும், அந்தச் சொல் ஒரு பள்ளியின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

1815இல் ராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனதோடு பழைய ஏற்பாடு குலைந்தது. 1818 கிளர்ச்சியின்போது ஆளுநர் பிரவுன்ரிக் முஸ்லிம்களைக் கண்டித் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து விலக்கினார். நாட்டார் சமூகத்தோடு பின்னிக் கிடந்த ஒரு நூல் அன்று அறுக்கப்பட்டது. பின்னால் நடந்த துயரங்களுக்கு இதையும் ஒரு காரணமாக எண்ண வேண்டும்.

பிறகு கோப்பி வந்தது. 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் தொடங்கிய பயிர் சில பத்தாண்டுகளில் நக்கிள்ஸ் வரை ஏறி, மடுல்கெல்ல, கெலேபொக்க என்று காடுகளை விழுங்கியது. தமிழகத்திலிருந்து தொழிலாளர் மன்னாரில் இறங்கி மாத்தளை வழியே நடந்தே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அரிசியும் புகையிலையும் சேலையும் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள். 1867இல் கண்டிக்கும் 1880இல் வத்தேகம வழியாக மாத்தளைக்கும் ரயில் வந்தது. அதற்கு அப்பால் மாட்டுவண்டி, வண்டி போகாத இடத்துக்குத் தோளில் பொட்டணி. துணிமூட்டையோடு லயத்து வாசலில் வந்து நின்ற பொட்டணி வியாபாரியைப் பற்றிப் பாட்டிமார் பேசக் கேட்டவர்கள் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். துண்டுத் துணியைக் கொடுத்துவிட்டுச் சம்பள நாளில் வந்து காசு வாங்கிப்போவார் அவர். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து தோட்டங்கள் சாய்ந்தன, தேயிலை எழுந்தது. கடை மட்டும் அதே இடத்தில் இருந்தது.

இந்தக் கரையோர வணிகர்கள் தங்கள் பள்ளியையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஹனஃபிப் பள்ளி என்ற பெயரைப் பார்த்துப் புதிதாக வருகிறவர் யோசிப்பார். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். காயலும் கீழக்கரையும் அப்படியே. ஆனால் தமிழகத்து உள்நாட்டு ராவுத்தர்களும் குஜராத்திலிருந்து வந்த மேமன்களும் ஹனஃபிகள். வேறுபாடு சிறியது, ஆனால் நாள்தோறும் தெரிவது: அஸர் தொழுகைக்கு ஷாஃபியின் நேரம் ஒரு பொருளின் நிழல் அதன் அளவு நீளும்போது தொடங்குகிறது, ஹனஃபிக்கு அந்த நிழல் இரு மடங்காக வேண்டும். ஒரே நகரத்தில் ஒரே பிற்பகலில் இரண்டு பாங்கு இரண்டு நேரத்தில் ஒலிப்பதற்குப் பின்னால் இத்தனை ஊர்களின் புலப்பெயர்வு இருக்கிறது.

மீரா மக்காமின் பெயரும் கடல் கடந்த உறவைச் சொல்வதுதான். மக்காம் என்றால் இறைநேசரின் இடம். 'மீரா', 'மீரான்' என்பது நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரோடு தமிழ் முஸ்லிம்கள் நெஞ்சில் பதித்துக்கொண்ட சொல். மீரா சாகிபு, மீரா லெப்பை என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு வைத்த பெயர். கண்டி முஸ்லிம்கள் தங்கள் நகரத்தின் மூத்த பள்ளியாகச் சுட்டுவது இதைத்தான். பார்க்கப் போகிறவர் தொழுகை நேரம் தவிர்த்துப் போவதும், செருப்பைக் கழற்றி, தலையை மறைத்துக்கொண்டு, ஹவுள் கரையில் நிற்கும் மோதினாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு உள்ளே நுழைவதும் முறை. மலைநாட்டுப் பள்ளிகளில் ஹவுள் தண்ணீர் பகலிலும் குளிரும். அதில் முகம் கழுவியவர்களுக்கு அந்தக் குளிர் நினைவிருக்கும்.

இந்த நகரத்தில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் பள்ளிவாசல்களைப் பற்றிப் பேச முடியாது. அறிஞர் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தார், சட்டத்தரணியாக இருந்தார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று கொண்டாடப்படுகிறது. ஓதல்பள்ளியில் குர்ஆனை மட்டும் ஓதிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் படிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்தார். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொன்னார். சொந்தச் சமூகத்தின் எதிர்ப்பை வாங்கிக்கொண்டே அவர் திறந்த வழியில்தான் இன்றைய மலைநாட்டு முஸ்லிம் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன.

அவருக்குத் தோள் கொடுத்தவர் எகிப்திலிருந்து வந்த ஒரு நாடுகடத்தப்பட்ட தளபதி. பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற அஹமத் அறபி பாஷா 1883 ஜனவரியில் ஆறு தோழர்களோடு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார். 1892இல் கொழும்பிலிருந்து கண்டிக்குக் குடிமாறி, மன்னிப்புக் கிடைத்து 1901இல் தாய்நாடு திரும்பும்வரை இங்கேயே இருந்தார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். தோழர்களுள் மஹ்மூத் ஃபஹ்மி 1894இலும் யாக்கூப் சாமி 1900இலும் நைல் நதியைத் திரும்பப் பார்க்காமலே கண்டியில் கண்ணை மூடினார்கள். அரபுக் கவிதையை மறுமலரச் செய்த மஹ்மூத் சாமி அல்பாரூதியும் அந்த எழுவருள் ஒருவர். தாய்நாட்டை நினைத்து ஏங்கி அவர் பாடிய கவிதைகள் பல இந்தத் தீவில் பிறந்தவை.

கண்டி முஸ்லிம்கள் மறக்க முடியாத ஆண்டு 1915. அதன் வேர் கம்பளையில் இருந்தது. கம்பளை வலஹாகொட தேவாலயத்தின் எசல பெரஹரா, மேளதாளத்தோடு அம்பகமுவ வீதி வழியே போவது வழக்கம். அந்த வீதியில் தமிழகத்திலிருந்து வந்த கரையோர முஸ்லிம்களின் பள்ளி ஒன்று இருந்தது. தொழும் இடத்துக்கு முன்னால் மேளத்தை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1912இல் அதிகாரிகள் அந்த நிபந்தனையைப் போட்டார்கள். தேவாலயத்தின் நிர்வாகியான பஸ்நாயக்க நிலமே வழக்கு வைத்தார். பௌத்தத்தைக் காப்பதாக 1815 உடன்படிக்கையில் பிரித்தானியர் கொடுத்த வாக்கு மீறப்படுகிறது என்பது அவர் வாதம். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 ஜூனில் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அவர் வரலாற்றாசிரியரும் கூட. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது.

ஒரு காலத்தில் ஊரின் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்திருக்கக்கூடிய விஷயம். மேளம் எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதை அளவுகோலால் அளக்க நீதிமன்றத்துக்குப் போன நாளிலேயே இரு பக்கமும் தோற்றுவிட்டது. இதற்கிடையே உலகப் போர் தொடங்கிச் சாமான் விலை ஏறியிருந்தது. கடை வைத்திருந்தவர்களில் கரையோர முஸ்லிம்கள் பலர். கடன்பட்டவர்களின் கோபமும் அதில் சேர்ந்தது.

1915 மே 28 வெசாக் இரவு. கண்டி காசல் ஹில் வீதியில் ஒரு பள்ளி. பாட்டோடு வந்த வெசாக் ஊர்வலத்துக்கு, பள்ளி மூடிய பிறகு நள்ளிரவுக்கு மேல் அந்த வழியே போக அனுமதி இருந்தது. ஊர்வலம் வந்தபோது பள்ளியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஆட்கள் நின்றார்கள். பொலிஸ் அதிகாரி ஊர்வலத்தைப் பக்கத்து வீதிக்குத் திருப்பினார். கேலிக் குரல் எழுந்தது, கல் பறந்தது. விடிவதற்குள் பள்ளியும் கடைகளும் தாக்கப்பட்டன. இரண்டொரு நாளில் கலவரம் ரயில் பாதையோடு கொழும்புக்கு இறங்கியது. ஆளுநர் சாமர்ஸ் ஜூன் 2 இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அரசாங்கக் கணக்கின்படி 25 பேர் கொலையுண்டார்கள். 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 சேதமுற்றன. கோபம் 'ஹம்பயா' என்று அழைக்கப்பட்ட கரையோர வணிகர்கள் மேல் என்று சொல்லப்பட்டாலும், தலைமுறை தலைமுறையாக மலைநாட்டில் வேரூன்றிய முஸ்லிம்களின் வீடுகளும் தப்பவில்லை. அடக்குமுறையோ இன்னொரு கொடுமை. எட்வர்ட் ஹென்றி பெத்ரிஸ் என்ற சிங்கள இளைஞர் ஜூலை 7 சுட்டுக் கொல்லப்பட்டார். டி.எஸ். சேனாநாயக்க உட்படப் பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும் இங்கிலாந்திலும் போராடினார். சிங்களவர் அவரைத் தோளில் தூக்கினார்கள். எரிந்த பள்ளிகளின் பக்கம் நின்று பேசவில்லையே என்ற மனக்காயம் முஸ்லிம்களுக்கு நெடுநாள் இருந்தது. அந்தக் காயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

நூறு ஆண்டு கழித்து, 2018 மார்ச் தொடக்கத்தில், அதே மாவட்டத்தில் மறுபடி புகை எழுந்தது. தெல்தெனியப் பக்கம் ஒரு வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி மருத்துவமனையில் இறந்தார். 5ஆம் தேதி திகனவில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களுக்கும் பரவியது. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். 6ஆம் தேதி அவசரகாலச் சட்டம் வந்தது. வதந்தி பரவாமல் இருக்கச் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அந்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆ படைக்காவலோடு நடந்தது. பிக்குகள் சிலர் பள்ளிவாசல்களுக்கு வந்து முஸ்லிம்களுக்கு ஆதரவாக நின்றதையும் அந்த நாட்களின் கணக்கில் சேர்த்தே எழுத வேண்டும். வாசலில் வந்து நின்றவர்கள் அவர்கள்; நொக்ஸின் காலத்தில் பக்கீர்கள் போய் நின்றது சிங்களக் குடியானவர்களின் வாசலில்.

கண்டியிலிருந்து தெற்கே கம்பளைக்குப் போகும் வழிக்குச் சற்று அப்பால் இருக்கிறது உடுநுவர எலதத்த. 1679இல் நொக்ஸும் அவருடைய தோழர் ஸ்டீவன் ரட்லாண்டும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கடைசியாகப் புறப்பட்டார்கள். தப்பியோடுகிறவர்கள் என்று யாரும் சந்தேகப்படாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது: வியாபாரிகளாகப் போவது. சாமான் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் ஊராக விற்றுக்கொண்டே வடக்கே இறங்கி, அநுராதபுரத்தைத் தாண்டி, மல்வத்து ஓயாக் கரையோடு நடந்து, அக்டோபரில் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கண்டிப் பள்ளியைப் பற்றிய முதல் எழுத்துச் சாட்சி, பொட்டணி வியாபாரியின் வேடத்தில் நாட்டை விட்டு வெளியேறியது.

அடுத்த பகுதியில் கம்பளை: 1344இல் இந்தத் தீவுக்கு வந்த இப்னு பதூதா எழுதிய, கம்பளை என்று சிலர் கருதும் 'குனக்கார்' நகரமும், கஹட்டப்பிட்டியவின் பாவா காஃப் ஸியாரமும்.

(தொடரும்)